சொல் நமது, எழுதுகோல் எவனது?

மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்ட நாள்தொட்டு நாம் இடையறாது செய்துவரும் பெரும்பணி களையெடுப்பு. நெல்லினூடே மண்டிய புல்லென நம் மொழிக்குள் மண்டிக்கிடந்த பிறசொற்களை ஒவ்வொன்றாகப் பறித்தெறிந்தோம். 'பிரசங்கம்' போய்ச் 'சொற்பொழிவு' வந்தது. 'அபேட்சகர்' போய் 'வேட்பாளர்' வந்தார். 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்தார். ஏளனஞ் செய்தவர்களே இன்று அச்சொற்களை நாவாரச் சொல்லித் திரிகின்றனர். இவ்வெற்றி சிறிதன்று, இதனை எவனும் மறுக்கவியலாது.

ஆயினும் ஒரு வினா நம் நெஞ்சைச் சுடல் வேண்டும். களைந்து தூய்மை செய்த அச்சொற்களை இன்று நாம் எதில் எழுதுகின்றோம்?

ஏடும் எழுத்தாணியும் போயின. மையும் தூவலும் பெரும்பாலும் போயின. ஈய எழுத்தும் அதனைக் கோத்த கைகளும் போயின. தனித்தமிழ்க் கட்டுரையாயினும், துண்டறிக்கையாயினும், திருமண அழைப்பாயினும், அஃது இன்று பிறக்குமிடம் கணினித் திரை. அத்திரையில் எழுத்தை ஏற்று, காட்டி, திருத்தி, காத்துத் தருகின்ற கருவிக்கு உரைதிருத்தி என்று பெயர். எழுத்தை அழகுசெய்து பக்கமாக்கும் சொற்செயலி வேறு, உரைதிருத்தி வேறு. முன்னது மணமேடை, பின்னது கொல்லன் உலை. கணினியில் இயங்கும் எந்த நிரலும் முதற்கண் ஓர் உரைதிருத்தியில்தான் எழுதப்பெறுகின்றது. உலையிற் பிறப்பவை அரிவாளும் கொழுவும் மட்டுமல்ல. அடுத்த சுத்தியலும் அவ்வுலையிலேதான் பிறக்கின்றது. உலை எவன் கையிலோ அவன் கையிலேதான் ஊரின் உழவு.

நம் உலை எவன் கையில் இருக்கின்றது?

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். இந்திய மண்ணில், இந்திய மொழியொன்றின் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் தமிழ்நூலே. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அது. பெருமைதான். ஆனால் அவ்வச்சுப்பொறி போர்த்துகீசியத் துறவியருடையது. தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி வகுத்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆர். முத்தையா. விசைகளின் அமைப்பு அவரது அறிவின் விளைவு. பொறியோ செருமானியத் தொழிற்சாலையில் உருப்பெற்றது. பெரியார் 1935இல் முன்வைத்த எழுத்துத் திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஆணையாக்கிற்று. கற்போர்க்கும், அச்சுக்கோப்பார்க்கும், தட்டெழுதுவார்க்கும் எளிமை வேண்டுமென்பது அதன் கரணியம். அத்திருத்தம் நன்றென்பதே நம் கருத்து. எனினும் அஃது உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு: கருவி வலிதாயிருந்தால் எழுத்தே அதன்முன் வளைகின்றது. கருவியை வளைக்கும் ஆற்றல் நமக்கில்லாத போது, வளைய வேண்டியது நாமே.

கணினி வந்தது. முதலில் முனைந்தோர் அயலகத் தமிழரே. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கையில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர் துணையுடன் பழந்தமிழ் நூல்களை மின்னேற்றினார். இவர்தம் உழைப்பை நன்றியோடு போற்றுகின்றோம்.

அதே காலத்தில் தாய்மண்ணில் நடந்ததென்ன? விற்பனைக்கு வந்த எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்துக்கொண்டது. ஒருவனது ககரம் மற்றொருவன் கணினியில் புரியாக் கிறுக்கலாயிற்று. எழுத்துரு விற்றவன் கடையைச் சாத்தினால், அதில் எழுதிய நூலும் இதழும் ஊமையாயின. ஓலைச்சுவடி அழியச் செல்லும் நூற்றாண்டுகள் வேண்டும். இவ்வேடுகள் அழியப் பத்தாண்டு போதுமானதாயிற்று. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகையும் பொதுக் குறியேற்றங்களும் வகுக்கப்பட்ட பின்னரே இக்குழப்பம் ஒருவாறு அடங்கத் தொடங்கிற்று.

அடுத்து வந்தது ஒருங்குறி. உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே குறியேற்றம் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆயின் 1991இல் தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்ட போது, இந்தியக் குறியேற்றமாகிய 'இசுக்கி'யின் படியே ஒதுக்கப்பட்டது. அவ்வமைப்போ தேவநாகரி வரிசையை அச்சாகக் கொண்டது. விளைவு யாது? பன்னீருயிரும் பதினெண்மெய்யும் ஓராய்தமும் இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யுமாக 247 எழுத்துகளை முழுமையாக எண்ணிய மரபு நம்முடையது. ஒருங்குறியோ உயிர்மெய்யைத் துண்டாக்கிக் காலும் கொம்பும் புள்ளியுமாகக் குவித்து வைத்தது. நகரத்தை அடுத்து னகரம் வந்தமர்ந்தது. ரகரத்தை அடுத்து றகரம் வந்தமர்ந்தது. சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே வடவெழுத்தொன்று வந்து குந்திற்று.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? பைத்தான் என்னும் கணிமொழியைக் கேட்டால் 5 என்கும். சீ என்னும் கணிமொழியைக் கேட்டால், இக்கால வழக்கான குறியேற்றத்தில் 15 என்கும். தொல்காப்பியனைக் கேட்டால் 3 என்பான். மூவருள் எவன் தமிழறிந்தவன்?

இஃது ஏட்டளவான சிக்கலன்று. 'கொ' என்று எழுதிப் பின்னழி விசையைத் தட்டுங்கள். பல திருத்திகளில் எழுத்து முழுதும் போகாது, ககரம் மட்டும் தலைவெட்டுண்டு நிற்கும். சொற்பட்டியலைக் குறியெண் முறையால் வரிசைப்படுத்துங்கள். ககரமெய் கௌகாரத்திற்கும் பின்னே தள்ளப்படும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்னும் எண்ணத்தால் அமைந்த கட்டளைத் திரைகளில் எழுதுங்கள். கொம்பும் துணைக்காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிதையும். ஆங்கிலச் சிறுவன் தன் மொழியில் காணாத இத்தடைகளைத் தமிழ்ச் சிறுவன் முதல் நாளே காண்கின்றான். கண்டு என்ன முடிவுக்கு வருகின்றான்? 'கருவி பழுது' என்று முடிவு செய்யவில்லை. 'தமிழ் கணினிக்கு ஆகாது' என்று முடிவு செய்கின்றான். அம்முடிவே நம் பகைவர் விரும்பும் முடிவு!

இதற்கு நாம் செய்ததென்ன? மாநாடு கூட்டினோம்; தீர்மானம் இயற்றினோம். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுக் காலத்தில் தமிழ்நாட்டரசு அனைத்தெழுத்துக் குறியேற்றமாகிய 'தேசு 16'ஐ ஆணையாக்கிற்று. எழுத்தொவ்வொன்றிற்கும் ஒரு குறியெண் வழங்கும் சீரிய அமைப்பு அது. ஆயின் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் ஒதுங்கி நிற்பதால் உலகளாவிய கருவிகள் அதனைத் தமிழென்று உணர்வதில்லை. அதே 2010இல் வடவெழுத்துகளைத் தமிழ்ப் பகுதிக்குள் நுழைக்க ஒரு முன்மொழிவு எழுந்த போது தமிழுலகம் கொதித்தெழுந்தது. அவ்வெழுத்துகள் 2014இல் தமக்கெனத் தனிப்பகுதி பெற்று விலகிப் போயின. அப்போர் தேவையான போர், வென்ற போர். ஆனால் ஒருங்குறியில் ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை இடம்பெயர்ப்பதில்லை என்பது அதன் மாறாவிதி. ஆகவே 1991இல் நேர்ந்த வரிசைப் பிழை குறியேற்றத்தில் இனித் திருந்தப் போவதில்லை.

குறியேற்றம் திருந்தாதெனில் எது திருந்தும்? கருவி திருந்தும். துண்டு துண்டாக வரும் குறிகளைச் சேர்த்து, 'இஃது ஓரெழுத்து' என்று உணர்ந்து, எழுத்தெழுத்தாக எண்ணி, எழுத்தெழுத்தாக நகர்ந்து, எழுத்தெழுத்தாக அழிக்கும் அறிவைக் கருவிக்குள் ஊட்டலாம். ஊட்டுவதற்குக் கருவியின் மூலநிரல் நம் கண்முன் திறந்திருத்தல் வேண்டும். திருத்தும் உரிமையும் நமக்கு வேண்டும். அடைத்த பேழைக்குள் இருக்கும் கருவியை எவ்வாறு திருத்துவது? விற்றவனிடம் விண்ணப்பம் போட்டுக் காத்துக்கிடப்பதா?

ஈண்டுச் சிலர் குறுக்கிடுவர். "பெருநிறுவனங்களே உரைதிருத்திகளை விலையின்றித் தருகின்றனவே; நமக்கேன் இவ்வீண்வேலை?" என்பர். விலையில்லாதது வேறு, விலங்கில்லாதது வேறு. அணு எனப் பொருள்படும் 'ஆட்டம்' என்னும் உரைதிருத்தியைக் 'கிட்கப்பு' நிறுவனம் 2014இல் வெளியிட்டது. விண்டோசு, லினக்சு, மேக்கு ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் ஓடிற்று, உலகெங்கும் பரவிற்று. 2018இல் அந்நிறுவனத்தை மைக்குரோசாப்டு விலைக்கு வாங்கிற்று. 2022 திசம்பர் 15ஆம் நாள் 'ஆட்டம்' மூடப்பட்டது. அதற்கெனச் செய்யப்பட்ட 'எலக்ட்ரான்' சட்டகத்தின் மேலெழுந்த மைக்குரோசாப்டின் 'விசுவல் சுடூடியோ கோடு' நின்றது; முன்னது வீழ்ந்தது. எவன் கேட்டான் பயனரை?

ஆயின் கதை அங்கே முடியவில்லை. 'ஆட்ட'த்தின் மூலநிரல் திறந்து கிடந்தமையால், அன்பர் குழுவொன்று அதனைக் கையேற்றுப் 'பல்சார்' என்னும் பெயரால் தொடர்ந்தது. முதலாளி கைவிட்டதைப் பொதுமக்கள் காத்தனர். நம் பழைய எழுத்துருக்களை எண்ணிப் பாருங்கள். அவற்றைக் கையேற்க எவனுக்கும் வழியில்லாமற் போனதேன்? மூலம் பூட்டிக் கிடந்தது. இதுதான் வேறுபாடு. முன்சொன்ன 'விசுவல் சுடூடியோ கோ'டும் இதற்கு விலக்கன்று. அதன் மூலநிரல் திறந்த உரிமத்தில் இருக்கின்றது. ஆனால் அந்நிறுவனம் கட்டித் தரும் பொதி வேறோர் உரிமத்தில், பயன்பாட்டுச் செய்தியைத் தன் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டோடு வருகின்றது. அதனைப் பொறாதார் அதே மூலத்திலிருந்து 'விசுகோடியம்' என்று தாமே கட்டிக்கொள்கின்றனர். மூலம் திறந்திருப்பது மட்டும் போதாது. கட்டும் கையும் நமதாயிருத்தல் வேண்டும் என்பதை இஃது உணர்த்தவில்லையா?

"ஆங்கிலத்திலேயே நிரல் எழுதினால் என்ன குறைந்துவிடும்?" என்று வேறு சிலர் கேட்பர். 1938இல் இந்தியைப் படித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அவர்களுக்கு முத்தையா அண்ணாமலையின் பணியைக் காட்டுவோம். தட்டெழுத்துக்கு ஒரு முத்தையா. நிரலுக்கு மற்றொரு முத்தையா! அவர் உருவாக்கிய 'எழில்' என்னும் கணிமொழி முற்றிலும் தமிழ்ச்சொற்களால் இயல்வது. அதனை விளக்கும் அவர்தம் கட்டுரை 2009இல் வெளிவந்தது. 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். 'நிரல்பாகம்' என்றால் வினைப்பகுதி தொடங்கும். 'பின்கொடு' என்றால் விடை திரும்பும். நிலையை முன்னே சொல்லி 'ஆனால்' என்று பின்னே முடிப்பது அதன் இலக்கணம். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன்று. தமிழ்த்தொடரின் போக்கைத் தழுவியது. அம்மொழிக்கென 'எழுதி' என்னும் உரைதிருத்தியும் விண்டோசிலும் லினக்சிலும் இயங்குமாறு செய்யப்பட்டது. 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரற்றொகுதி, குறித்துண்டுகளைக் கூட்டித் 'தமிழ்' என்பதில் 3 எழுத்தே என்று தொல்காப்பியன்வழி நின்று எண்ணித் தருகின்றது. இவையெல்லாம் மூலம் திறந்தவை. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், வழங்கலாம்.

ஒரு கைப்பிடித் தொண்டர்கள் ஓய்வு நேரத்தில் இவ்வளவு செய்திருக்க, இயக்கமென்று மார்தட்டும் நாம் எத்துணைப் பேர் அவர்க்குத் துணைநின்றோம்? 'திறவூற்று' என்பதா, 'கட்டற்ற' என்பதா என்று சொற்போர் நடத்தினோம். கலைச்சொற் பட்டியல்கள் அச்சிட்டோம். சொல்லாக்கம் நம் கடமைதான். ஆனால் சொல் பிறந்த பின் அச்சொல்லுக்குரிய பொருளைப் பிறர்தான் செய்வாரெனில், நாம் பிறன் பிள்ளைக்குப் பெயர்சூட்டி மகிழும் மலடர்கள் அல்லமா? இந்நாள் உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தமிழெழுத்தைப் பிழையின்றி வடித்துக் காட்டும் கட்டற்ற பொறியொன்றுண்டு. 'ஆர்புபசு' என்பது அதன் பெயர். அதனை முன்னின்று வளர்த்தவர் ஈரானியர் ஒருவர். பெயரும் 'திறந்த எழுத்து' எனப் பொருள்படும் பாரசீகப் பெயரே. உலகம் அதனை முகஞ்சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. தமிழ்ப்பெயர் தாங்கி உலகெங்கும் செல்லும் கருவி எப்போது பிறக்கும்?

பேருழைப்பு வேண்டும், பெரும்பொருள் வேண்டும் என்று மலைப்பவர்க்கு ஒரு சான்று. நெதர்லாந்து நாட்டு பிராம் மூலனார் தனியொருவராய் 1991இல் 'விம்' உரைதிருத்தியை வெளியிட்டார். முதலில் ஒரே வகைக் கணினியில் ஓடியது, பின்னர் எல்லா இயங்குதளங்களிலும் ஓடிற்று. அதற்கு அவர் விலை கேட்கவில்லை. உகாண்டாவின் கிபாலே என்னுமூரின் ஏதிலிச் சிறார்க்கு இயன்றதை ஈயுங்கள் என்று மட்டுமே கேட்டார். 2023இல் அவர் மறைந்தார், 'விம்' மறையவில்லை. மூலம் பொதுவுடைமையாயிருந்தமையால் பிற கைகள் அதனை ஏந்தின. ரிச்சர்டு சுடால்மன் 1985இல் வெளியிட்ட 'குனு ஈமாக்சு' நாற்பதாண்டு கடந்தும் இளமையோடிருப்பதும் இவ்வாறே.

ஆகவே வெறுநிலத்தில் தொடங்க வேண்டுவதில்லை. திறந்த மூலமுடைய நல்லதோர் உரைதிருத்தியை அடிமரமாகக் கொண்டு அதன்மேல் தமிழறிவை ஒட்டுக்கட்டுவோம். அயல்மரத்தில் ஒட்டுவது கொள்கைக்கு இழுக்கோ எனின், அன்று. இரும்பு எந்நாட்டதாயினும் ஏர் பூட்டுபவன் உழவனே. அவ்வுரைதிருத்திக்கு வேண்டுவன இவை: எழுத்தை அலகாகக் கொண்ட எண்ணலும் நகர்வும் அழிப்பும், தமிழ் நெடுங்கணக்குப்படி வரிசையாக்கம், பழைய எழுத்துருக் குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வாயில், எந்த இயங்குதளத்திலும் தன்னுள்ளேயே பொதிந்த 'தமிழ் 99' விசையமைப்பு, நல்ல தமிழில் அமைந்த கட்டளைப் பெயர்கள், வடவெழுத்தையும் அயற்சொல்லையும் அடிக்கோடிட்டுத் தமிழ்ச்சொல்லைப் பரிந்துரைக்கும் அகராதி. இறுதியிற் சொன்னது ஒன்று போதும்! நூற்றாண்டாக நாம் மேடைதோறும் சொல்லிவந்த திருத்தத்தை, எழுதுவோன் கையருகிலேயே ஒரு நொடியிற் சொல்லும் ஆசானாக அஃது அமையும்.

ஒரே மூலத்திலிருந்து மூன்று இயங்குதளத்திற்கும் கட்டுவதில் இடர்கள் உண்டு, மறைக்கவில்லை. வரி முடிவைக் குறிக்க விண்டோசு இரு குறிகள் இடும். லினக்சும் மேக்கும் ஒரு குறியே இடும். கோப்பின் வழிப்பெயரை ஒன்று ஒருபுறம் சாய்ந்த கோட்டால் எழுதும். மற்றவை மறுபுறம் சாய்ந்த கோட்டால் எழுதும். விசையை ஏற்கும் முறையும் எழுத்தை வடிக்கும் பொறியும் தளத்துக்குத் தளம் வேறு. ஆதலால் ஒரு தளத்திற் செய்து மகிழ்ந்துவிடாமல், திருத்தம் ஒவ்வொன்றன் பின்னும் மூன்றிலும் கட்டி, மூன்றிலும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். ஒரு தளத்தில் மட்டும் ஓடும் கருவி ஒருவனது கொட்டிலிற் கட்டிய மாடு. எல்லாத் தளத்திலும் ஓடுவதே ஊர்ப்பொது ஏரி.

இதற்கு அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் போக வேண்டுமோ? பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்தில் இருந்தும் செய்யலாம். 2011இல் தொடங்கிய அரசின் மடிக்கணினித் திட்டத்தால் துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர் மாணவர் கைக்கும் கணினி வந்தது. அதில் விண்டோசோடு 'பாசு' லினக்சும் ஏற்றித் தரப்பட்டது. கட்டற்ற இயங்குதளம் பிள்ளைகளின் மடியிலேயே வந்து அமர்ந்தது. அதனைத் திறந்து காட்டுவாரும், அதில் தமிழில் நிரலெழுதக் கற்பிப்பாரும் எத்தனை பள்ளிகளில் இருந்தனர்? அரசு பொறி தந்தது. அறிவை நாமன்றோ தந்திருத்தல் வேண்டும்?

உப்பிலியபுரம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊர். அம்மாவட்டத்தின் தலைநகர்தான் 1938 ஆகத்து முதல் நாள் இந்தியை எதிர்த்துத் தமிழர் பெரும்படையைச் சென்னை நோக்கி நடக்கவிட்டது. அதே நகரின் தொடர்வண்டி நிலையத்தில்தான் 1964 சனவரி 25ஆம் நாள் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தமிழுக்காகத் தன்னுடலைத் தீக்கு ஈந்தான். அதே 1964இல் அதே திருச்சிராப்பள்ளியில் மண்டலப் பொறியியற் கல்லூரியும் தொடங்கப்பட்டது. ஒரே ஆண்டில், ஒரே ஊரில் ஒரு தீயும் ஓர் உலைக்கூடமும் தோன்றின. அவ்விரண்டும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே நம் குறை. தீ உணர்வாய் மேடையில் எரிந்து தணிகின்றது. உலைக்கூடமோ அயலான் பணிமனைக்கு ஆள் வார்த்தனுப்புகின்றது. அத்தீயை அவ்வுலையில் இட்டாலன்றிக் கருவி பிறவாது.

அன்பர்களே! நிரலறிந்தோர் மூலத்தைத் தொடுங்கள். நிரலறியாதோர் ஒதுங்கற்க, கட்டளைப் பெயர்களைத் தமிழாக்குதல், அயற்சொல்லுக்கு நேரான சொற்பட்டியலைத் தட்டெழுதுதல், ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டு எழுதியனுப்புதல் எல்லாம் உங்கள் பணி. புலவர்கள் எழுத்திலக்கணத்தையும் புணர்ச்சி விதிகளையும் நிரலாளர்க்கு விளங்கும் வண்ணம் வரையறுத்துத் தருக. ஆசிரியர்கள் பள்ளிதோறும் ஒரு கட்டற்ற கணினியையேனும் தமிழுக்கென ஒதுக்குக. கிளைதோறும் இவ்வாண்டு நூறு துண்டறிக்கை குறைந்தாலும் குறைக. ஒரு நிரலாளன் கூடுக.

சொல்லைக் காத்தோம், போதாது. எழுத்தைக் காத்தோம், போதாது. எழுதுகோலையும் நமதாக்குவோம். அதுவரை நம் தனித்தமிழ் பிறன் வீட்டுத் திண்ணையில் எழுதிய தமிழே!